ஏற எட்டு மணித்தியாலம், இறங்க ஒன்றரை

மற்றவர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பதற்காக எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். மோதி நசுங்கிய வாகனங்களைப் போய்ப் பார்த்து, சொந்தக்காரர் சொல்கிற கதையும் வாகனம் சொல்கிற கதையும் ஒன்றுதானா என்று ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. கிராண்ட்பாஸிலும் மருதானையிலும் நான் குனிந்து பார்க்காத கராஜ் இல்லை. "நாய் குறுக்கால பாய்ஞ்சது" என்பார் ஒருவர். பம்பரில் அப்பியிருக்கிற சிவப்புப் பெயின்ட்டைக் காட்டி, நாய்க்கு யார் இந்த நிறம் அடித்தது என்று கேட்பேன். அவருக்கு முகம் கறுக்கும். எனக்கு அன்றைக்குச் சோறு ருசிக்கும்.

இருபது வருடத்தில் இரண்டு விதிகள் எனக்கு ஊறிப்போய்விட்டன. கதை அளவுக்கு மிஞ்சி அழகாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அவசரப்படுத்துகிறவனை அதைவிடக் கூடச் சந்தேகப்பட வேண்டும். "சேர், இண்டைக்கே றிப்போட்டைக் குடுத்து விடுங்கோ, நாளைக்கு எண்டால் சரிவராது" என்று பின்னாலேயே திரிகிறவன் கட்டாயம் எதையோ மறைக்கிறான். இந்த விதிகள் வேலையில் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. அவற்றை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் பிழை.

நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் இருக்கிறோம். அம்மா, தங்கச்சி, நான். தங்கச்சிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறாள். எனக்கு நாற்பத்துநான்கு. தங்கச்சி இருக்கும்போது அண்ணன் கட்டுவது எங்கள் ஆட்களில் வழக்கமில்லை என்பதால் நானும் தனிக்கட்டை. கோயிலில் காண்கிறவர்கள் என்னைப் பார்த்து 'பாவம், நல்ல பிள்ளை' என்பார்கள். அவளுக்கு வந்த ஏழு சம்பந்தங்களையும் விசாரித்து, ஏழிலும் ஓட்டை கண்டுபிடித்துக் கலைத்தவன் இந்த நல்ல பிள்ளைதான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எட்டாவது சம்பந்தம் ஒரு தை மாதம் வந்தது. தரகர் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்பது. யாழ்ப்பாணத்து ஆள், பன்னிரண்டு வயதில் தாய் தகப்பனோடு போனவர். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிற வேலை. குடி இல்லை, முன்பு கட்டியதும் இல்லை. "ஒரேயொரு பழக்கம்தான் இருக்கு" என்று தரகர் சிரித்தார். "ஆள் மலை ஏறும்."

ஒரு குறையும் இல்லாத வாகனத்தை யாராவது விற்பார்களா? எனக்கு அப்போதே மூக்கு வேர்த்தது.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சம்பந்தம் வேண்டாமென்றால் உண்மைக் காரணத்தை ஒருவரும் சொல்வதில்லை. 'குறிப்புப் பொருந்தேல்லை' என்பார்கள். கேட்கிறவரும் 'அப்பிடியோ, சரி' என்று போய்விடுவார். சாதகத்தின் மேல் பழியைப் போட்டால் யாருக்கும் அவமானமில்லை, யாரும் திருப்பிக் கேட்பதுமில்லை. மற்றவர்கள் முதலில் குறிப்பைப் பார்த்துவிட்டு ஆளைப் பிறகு விசாரிப்பார்கள். நான் மாறிச் செய்வேன். ஆளை முதலில் விசாரித்துக்கொண்டு குறிப்பைக் கடைசிவரை என் மேசை லாச்சிக்குள் வைத்திருப்பேன். வெளியே போக ஒரு கதவு எப்போதும் திறந்திருக்கும் அல்லவா? மாப்பிள்ளையின் தாய் தங்கள் பக்கத்தில் பார்த்துவிட்டார், நல்ல பொருத்தமாம் என்று தரகர் சொன்னபோதும் நான் அசையவில்லை. "அவை திருக்கணிதத்தில பார்த்திருப்பினம். எங்கட வீட்டில வாக்கிய பஞ்சாங்கம்தான்" என்றேன். பஞ்சாங்கம் இரண்டு இருப்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி.

இதற்கிடையில் அவர்கள் இருவரும் வாட்ஸ்அப்பில் கதைக்கத் தொடங்கினார்கள். அம்மாதான் அனுமதி கொடுத்தார். பாடசாலையால் வந்து, தேத்தண்ணியோடு பால்கனிக்குப் போனால் தங்கச்சி ஒரு மணித்தியாலம் உள்ளே வரமாட்டாள். கீழே கடற்கரையோரம் ரயில் போகும்போது மட்டும் பேச்சு நிற்கும், பிறகு சிரிப்போடு தொடங்கும். கணித ரீச்சர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன், அவன் என்ன சொல்லி இவளை இப்படிச் சிரிக்க வைக்கிறான் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் அவள் மலைக் கதைகள் சொல்வாள். அங்கே ஒரு எரிமலை இருக்கிறதாம். பன்னிரண்டு மாதமும் பனி மூடியிருக்குமாம், ஆனால் உச்சியில் புகை வருமாம். பனி என்றால் சும்மா தூவின பனி இல்லை, ஆறு மாதிரி மெல்ல மெல்ல நகர்கிற பனியாறாம். சிநேகிதர் இரண்டு பேரோடு நடுச்சாமம் கழிந்து ஏறத் தொடங்கி, காலமை உச்சியைத் தொட்டு, காலில் பலகை பூட்டிச் சறுக்கிக்கொண்டு மத்தியானத்துக்கு முதல் அடிவாரத்துக்கு வந்துவிடலாமாம். எல்லாம் ஒரே நாளில்.

"போன வருசம் உச்சிக்கு முந்நூறு அடி இருக்கேக்கை திரும்பிட்டாராம்" என்றாள் ஒருநாள்.

"ஏன், களைச்சுப் போனாரோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையம்மா. பத்து மணியாகிட்டுதாம். முதலே ஒரு நேரம் வைப்பினமாம். அந்த நேரத்துக்கு எங்க நிண்டாலும் திரும்பிறதாம். அதுதான் அங்கத்தைய முறையாம்."

முந்நூறு அடி என்றால் எங்கள் ஒழுங்கையின் நீளம்கூட வராது. எட்டு மணித்தியாலம் ஏறினவன் ஒழுங்கை நீளத்தில் திரும்புவானா? ஆள் மலைப் பக்கமே போயிருக்க மாட்டான், யாரோ ஏறின கதையைத் தன் கதையாகச் சொல்கிறான் என்று எனக்குப் பட்டது. வாயால் சொல்லவில்லை. மனதுக்குள் ஒரு கோப்புத் திறந்து அதில் முதல் குறிப்பைப் போட்டுக்கொண்டேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி. நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவளுடைய போன் சத்தம் போட்டது. "ஏறத் தொடங்கிட்டாராம். அங்க இரவு ஒரு மணி" என்று சொல்லிவிட்டுக் கையில் பிசைந்த சோறோடு அப்படியே இருந்தாள். அதை நான் நம்பினேன். சிவனொளிபாதமலைக்கு ஒருமுறை அலுவலக ஆட்களோடு போயிருக்கிறேன், அங்கேயும் இரவில்தான் ஏறுவோம். மலை ஏறியதில் என்னுடைய முழு அனுபவமும் அந்த ஒரு இரவுதான். அந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த மனிதரை அளந்தேன்.

ஞாயிறு காலமை இடியப்பத்துக்கு முன்னால் படங்கள் வந்தன. தங்கச்சி போனை அம்மாவிடம் காட்டி, பிறகு என்னிடம் தந்தாள். ஒரு படத்தில் உச்சி. வெள்ளைப் பரப்பில் தலைக்கவசமும் பெரிய கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு ஆள். முகமே தெரியவில்லை, அது யாராகவும் இருக்கலாம். மற்றப் படத்தில் அடிவாரத்துக் கார்ப் பார்க்கிங், காரில் சாய்ந்தபடி ஒரு சோடாவோடு அதே உடுப்பு. நான் படத்தை ரசிக்கவில்லை. மூலையில் பதிந்திருந்த, எடுத்த நேரத்தைத்தான் பார்த்தேன். உச்சியில் ஒன்பதேகால். கார்ப் பார்க்கிங்கில் பதினொன்று ஐந்து.

"உச்சியில அரை மணித்தியாலம் இருந்தவையாம்" என்று தங்கச்சி சொன்னாள். அப்படியென்றால் இறங்கியது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு. ஏற எட்டு மணித்தியாலம் எடுத்த மலையை இறங்க ஒன்றரை!

நான் சிவனொளிபாதம் இறங்கியவன். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கியது, இறங்கும்போது முழங்கால் கழன்றது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் அரை மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. வீட்டுக்கு வந்து நாலு நாள் இந்த நாலு மாடிப் படிகளிலும் கைபிடியைப் பிடித்தபடி பின்புறமாக இறங்கினேன், கீழ் மாடிப் பிள்ளைகள் எண்ணி எண்ணிச் சிரித்தன. மலையைப் பற்றி எனக்கு யாரும் பொய் சொல்ல முடியாது. படம் எடுத்த இடம் ஒன்று, நேரம் ஒன்று, ஆள் ஒருவேளை வேறொருவன். மலையில் பொய் சொன்னவன் மற்றதில் என்னென்ன சொல்வான்? பன்னிரண்டு மணித்தியாலம் போனை எடுக்காமல் இருக்க ஒரு மலை வசதியான இடம். ஏற்கெனவே கட்டினவனோ, பிள்ளைகள் இருக்கோ, யார் கண்டது?

அடுத்த நாள் அவர் வீடியோ அழைப்பில் வந்தார். நான் முகத்தைப் பார்த்தேன். கன்னமும் மூக்கும் கருகிச் சிவந்திருந்தன. கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று திட்டு. எனக்குப் பின்னால் நின்ற அம்மா என் தோளைக் கிள்ளினார். தோலில் வெள்ளை என்றால் எங்கள் ஆட்களின் மனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதை முகத்துக்கு நேரே கேட்கவும் முடியாது. அவராகவே சொன்னார்: "பனிக்குள்ள வெயில் நல்லாச் சுட்டுப்போட்டுது அண்ணை."

பனிக்குள்ளே வெயில் சுட்டதாம்! கோப்பில் மூன்றாவது குறிப்பு.

அழைப்பு முடிந்ததும் தங்கச்சி என் முகத்தைப் படித்துவிட்டாள். "அது கண்ணாடி போட்ட அடையாளம் அண்ணா. நீங்கள் இதைப் பாருங்கோ, எல்லாம் விளங்கும்" என்று எனக்கு ஒரு வீடியோவை அனுப்பினாள். பதினொரு நிமிடம். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. அறிக்கை எழுதி முடித்தவனுக்குப் புதிதாகச் சாட்சி வந்தால் எரிச்சல்தானே வரும்.

அந்தக் கிழமையே தரகருக்குப் போன் எடுத்து, "இரச்சு தட்டுது" என்றேன். பொருத்தங்களில் இரச்சு இல்லையென்றால் கணவனின் ஆயுளுக்கு ஆகாது என்பார்கள், அதற்கு மேல் மறுபேச்சுக்கு இடமில்லை. தரகரும் "அப்பிடியோ, சரி" என்றார். குறிப்பு இரண்டும் என் லாச்சிக்குள் மடித்தது மடித்தபடி கிடந்தன. நான் அவற்றை ஒரு சாத்திரியாரிடமும் காட்டவில்லை.

"எந்தச் சாத்திரியாரிட்டைக் காட்டினனீங்கள்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"கொட்டாஞ்சேனையில ஒருத்தர். உனக்குத் தெரியாது."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தப்பான விடைக்குச் சரி போட்டுக் கேட்கிற பிள்ளையை அவள் வகுப்பில் அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது. பிறகு, "சரி அண்ணா" என்று எழுந்து போனாள். பால்கனிக் கதவை அவள் அன்று திறக்கவில்லை.

அம்மாதான் சும்மா விடவில்லை. "உனக்கு அவளை அனுப்ப மனமில்லையடா தம்பி" என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "நான் அவளின்ர நன்மைக்குத்தான் அலையிறன்" என்று கத்தினேன். கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் அம்மாவும் தொலைக்காட்சியும்தான் என்று அதற்கு முன்பு ஒருநாளும் நான் யோசித்ததில்லை என்றால் அது பொய். ஊரிலுள்ள எல்லாரையும் விசாரித்த நான் என்னை மட்டும் விசாரிக்கவில்லை.

ஜூன் இரண்டாம் கிழமை மருதானையில் ஒரு கராஜில் காத்திருந்தேன். வேன் சொந்தக்காரர் வரப் பிந்தினார். நசுங்கிய கதவைப் படம் எடுக்கப் போனால் போனில் இடமில்லை என்றது. எதை அழிக்கலாம் என்று தேடியபோது அந்தப் பதினொரு நிமிட வீடியோ கிடந்தது. அழிக்க விரலை வைத்துவிட்டு, எப்படியும் சும்மாதானே இருக்கிறோம் என்று திறந்தேன்.

முதலில் ஒரே இருட்டு. தலையில் கட்டிய விளக்கின் வட்டத்துக்குள் பனி மட்டும். மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு அவருடைய குரல், தமிழில்: "இப்ப இரண்டரை மணி. உங்களுக்கு மத்தியானம் மூண்டு. பேப்பர் திருத்திக்கொண்டு இருப்பீங்கள்." அது எனக்காக எடுத்த சாட்சி அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. என் தங்கச்சியோடு கதைத்துக்கொண்டே ஒரு மனிதர் மலை ஏறிக்கொண்டிருந்தார். காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

சறுக்குப் பலகையின் அடிப்பக்கத்தை விளக்கில் காட்டினார். நீளத்துக்கு ஒரு துணி ஒட்டியிருந்தது. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்குமாம், மறுபக்கமாகத் தடவினால் மயிர் சிலிர்த்துக்கொள்ளுமாம். அதனால் பலகை முன்னுக்குப் போகும், பின்னுக்கு வழுக்காது. மூன்று பேரும் ஒரே கயிற்றில், ஆளுக்கு ஆள் நல்ல இடைவெளி விட்டு, பலகையைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து ஏறினார்கள். பனியாற்றில் ஒரு பிளவு வந்தது. அதன் மேல் பனி பாலம் போட்டிருந்தது. எட்டிப் பார்த்த கமராவில் நீலமாகத் தொடங்கிக் கறுப்பாகப் போன ஆழம் தெரிந்தது. அந்த இடத்தில் அவர் ஒன்றும் கதைக்கவில்லை. ஒவ்வொரு ஆளாகத் தாண்டினார்கள், மற்ற இருவரும் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்கள். அப்பால் போனதும் மட்டும், "இதை அம்மாவிட்டைச் சொல்லாதேங்கோ" என்றார். எங்கள் அம்மாவையா தன் அம்மாவையா என்று தெரியவில்லை.

பிறகு விடிந்தது. அவர் கமராவைப் பின்பக்கம் திருப்பினார். கீழே முகில். முகிலின் மேல் மலையின் நிழல், கூரான ஒரு பெரிய முக்கோணமாக விழுந்திருந்தது.

வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தினேன். அந்த முக்கோணத்தை நான் சிவனொளிபாதத்தில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சூரியன் எழும்பும்போது மலையில் நல்ல உயரத்தில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் அது தெரியும். படத்தை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், அந்த நிழலை எடுக்க ஆள் அங்கே நிற்க வேண்டும்.

கடைசி ஏற்றம் செங்குத்து. பலகைகளை முதுகில் கட்டி, சப்பாத்துக்கு அடியில் இரும்பு முட்கள் பூட்டி, பனிக்கோடரியைக் குத்திக் குத்தி ஏறினார்கள். "அழுகின முட்டை மணக்குது, எரிமலை வாய் பக்கத்தில வந்திட்டுது" என்று இருமினார். "மணி எட்டரை. பத்துக்கு முதல் இறங்கத் தொடங்க வேணும். பிந்தினால் பனி இளகிப் பாலங்கள் பலமில்லாமல் போயிடும். உச்சி வந்தாலென்ன வராட்டியென்ன, பத்துக்குத் திரும்பிறதுதான்." உச்சியில் மூன்று பேரும் கண்ணாடியைக் கழற்றினார்கள். அவருடைய முகத்தில் அந்த இரண்டு வெள்ளைத் திட்டு. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சிநேகிதர் இரண்டு பேருடைய முகத்திலும் அதே இடத்தில் அதே திட்டு. பனியில் பட்ட வெயில் கீழிருந்து தெறித்து, கண்ணாடி மூடாத இடத்தையெல்லாம் சுட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

பலகையின் துணியை உரித்துச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்தார். குனிந்தார். போனார்.

அதை எப்படிச் சொல்வது? எட்டு மணித்தியாலம் அடியடியாக மூச்சு வாங்கி ஏறிய மலை காலுக்குக் கீழே ஓடத் தொடங்கியது. இடம், வலம், இடம் என்று ஒரே தாளத்தில் வளைவுகள். 'சுர்' என்று ஒரு சத்தம், வேறொன்றுமில்லை. ஏறும்போது கயிறு இறுக்கித் தாண்டிய பிளவுக்குக் கிட்டப் போகாமல், பிளவில்லாத பனி வழியாகச் சுற்றி இறங்கியதை நான் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கண்டேன்.

கராஜ் பாஸ் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பட்ட சிறி!" என்று வியந்தார். பிறகு சிங்களத்தில், ஏற எவ்வளவு நேரமாம் என்று கேட்டார். எட்டு மணித்தியாலம் என்றேன். இறங்க? ஒன்றரை என்றேன்.

"ஒன்றரையா? கியர் கழற்றிவிட்ட லொறி கடுகண்ணாவை இறக்கத்தில் வந்தால் எப்படி வரும், மஹத்தயா? இந்த ஆள் பிரேக் பிடித்துப் பிடித்துத்தான் வருகிறான். நல்ல டிரைவர்" என்றார்.

இருபது வருடம் வாகனத்தோடு மாரடித்தவனுக்கு, சறுக்குகிறவன் நடக்கிறவனைவிடக் கெதியாக இறங்குவான் என்று ஒரு மெக்கானிக் சொல்லித்தர வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்த வேன்காரர் சொன்ன நாய்க் கதையை நான் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக்கொண்டேன்.

அன்றே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இரண்டு குறிப்புகளையும் அங்கே உண்மையாகவே ஒரு சாத்திரியாரிடம், வாக்கிய பஞ்சாங்கப்படி, முதல்முறையாகக் காட்டினேன். அங்கேயாவது பொருந்தாமல் போனால் நான் பொய்க்காரன் இல்லை என்றாகிவிடும் என்று ஒரு நப்பாசை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இரச்சு நல்லா இருக்கு. தாராளமாச் செய்யலாம்" என்றார்.

இனி என்ன சொல்வது? குறிப்புப் பொருந்தவில்லை என்று சொன்னவன் பொருந்துகிறது என்று திரும்பிப் போக எங்கள் வழக்கத்தில் வழியில்லை. கிரகம் ஒரு மாதத்தில் இடம் மாறிவிட்டது என்றா சொல்வது? அவரைப் பொய்யர் என்று பிடிக்கப் போனேன், கடைசியில் வீட்டில் பொய் சொன்ன ஒரே ஆள் நான். இதைத் தங்கச்சியிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றுகூடச் சொல்லக் கூடாது, கர்வம். நாளைக்குச் சொல்வோம் என்று படுப்பேன். விடிந்தால் அவள் பாடசாலைக்கு அவசரமாக வெளிக்கிடுவாள், எனக்கு அது ஒரு சாட்டாகப் போய்விடும்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் அடிக்கடி என்னைப் பார்த்தாள். நான் கராஜால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கதவடியில் வந்து நிற்பாள், பிறகு போய்விடுவாள். ஜூலை முதலாம் திகதி காலமை குசினிக் கலண்டரில் ஜூன் தாளை அவள் கிழித்தாள். வழக்கமாக அது அம்மாவின் வேலை. கிழித்ததைக் குப்பையில் போடாமல் நாலாக மடித்துக் கொண்டுபோனாள். என்னடா இது என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம் வந்தது. அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை நடுவில் தரகர் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒன்பதாவது சம்பந்தம் ஒன்றோடு போன் எடுத்தார். "குறிப்பை அனுப்பவோ தம்பி?" என்று அவர் கேட்டதும் எனக்கு என் லாச்சியை நினைக்க அருவருத்தது. பொறுங்கோ என்று வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு காலமை, அங்கே சனி இரவு எட்டு மணியாக இருக்கும்போது, மாப்பிள்ளைக்கு எடுத்தேன். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரச்சு என்று சொன்னது பொய் என்றேன். படத்தின் நேரத்தைப் பார்த்துப் பிழையாகக் கணக்குப் போட்டேன் என்றேன். முகத்துத் திட்டை என்னவென்று நினைத்தேன் என்பதையும் சொன்னேன். ரயில் ஒன்று போனது.

"எனக்கு அப்பவே விளங்கினது அண்ணை" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். "குறிப்பு எண்டு சொன்னால் வேற ஏதோ எண்டுதானே அர்த்தம். அது என்னவெண்டு சொல்லியிருந்தால் ஒரு நிமிசத்தில விளங்கப்படுத்தியிருப்பன்."

"இப்ப... திரும்பக் கதைக்கலாமோ?"

"மலையில நாங்கள் ஒரு நேரம் வைப்பம் அண்ணை. அந்த நேரம் வந்தால் திரும்பிறது. மனமில்லாமல்தான் திரும்பிறது. ஆனா நேரம் வைக்கிறதே அதுக்குத்தான். இதுக்கும் ஜூன் முப்பது எண்டு வைச்சனான். அம்மாவும் எத்தினை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பா. இப்ப வேற இடத்தில பேசி முடிச்சிட்டினம். போன கிழமைதான்."

"ஜூன் முப்பது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"தங்கச்சியிட்டைச் சொன்னனான்" என்றார். "அவ, அண்ணா தானாத் திரும்பி வருவார், அவசரப்படுத்த வேண்டாம் எண்டு சொன்னவ."

போனை வைத்துவிட்டு நாட்களை எண்ணினேன். அந்த வீடியோவை நான் பார்த்தது ஜூன் இரண்டாம் கிழமை. முழுதாக இரண்டு கிழமைக்கு மேல் என்னிடம் நேரம் இருந்திருக்கிறது. மாப்பிள்ளை உச்சிக்கு முந்நூறு அடியில் திரும்பினார் என்றபோது நான் நம்பாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

தங்கச்சி மேசையில் தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு நான் கதைத்தது யாரோடு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஜூன் முப்பது எண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எல்லாத்தையும் சரிக்கட்டியிருப்பனே."

அவள் சிவப்புப் பேனையை மூடி வைத்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இன்ன திகதிக்கு முதல் முடிவு சொல்லட்டாம் எண்டு அவர் கேக்கிறார் எண்டு நான் வந்து சொல்லியிருந்தால், நீங்கள் என்ன அண்ணா நினைச்சிருப்பியள்?"

பதிலுக்கு நிற்காமல் பேனையைத் திறந்து அடுத்த தாளை எடுத்தாள்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்டிருப்பேன். அறிக்கையில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருப்பேன்.